இறங்கும் வழியில் ஒரு மின்கம்பி: சிறிய விமானங்களும் தெரியாத ஓடுதளங்களும் (கேள்வி பதில்)

2019 ஆகஸ்ட் 27 அன்று உத்தரப் பிரதேசத்தின் அலிகர் அருகே தனிப்பூர் ஓடுதளத்தில் இறங்க வந்த ஒரு சிறிய விமானம், ஓடுபாதையைத் தொடுவதற்குச் சற்று முன் மின்கம்பியில் சிக்கித் தரையில் விழுந்து தீப்பிடித்து எரிந்தது. உள்ளே இருந்த 6 பேரும் உயிர் தப்பினார்கள். இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் விமானம் ஓட்டும் என்னிடம் நண்பர்களும் உறவினர்களும் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றேதான். அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பறக்கப் பழகும் மாணவர்களையும், ஓடுதளத்துக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்களையும் மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

பட்டப்பகலில் கரண்ட் கம்பி கூடவா கண்ணுக்குத் தெரியாது?

தெரியாது. நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் கணக்குப் போட்டால் புரியும்.

ஊருக்குள் 11 கிலோவோல்ட் லைனில் ஓடும் அலுமினியக் கம்பி, லைன்மேன்கள் ‘ராபிட்’ என்று சொல்வது, சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன். சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. நல்ல பார்வை உள்ளவரின் கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள பொருளைப் பிரித்துப் பார்க்கும். அந்தக் கணக்கில் 10 மில்லிமீட்டர் கம்பி நிச்சயமாகப் புலப்படுவது சுமார் 35 மீட்டர் தூரத்தில்தான். சிறிய விமானம் இறங்கும்போது 60 நாட் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். அது வினாடிக்கு 31 மீட்டர். ஆக, கையில் இருப்பது ஒரு வினாடிக்குச் சற்று மேல். பார்த்து, புரிந்து, கையை இழுத்து, விமானம் அதற்குக் கீழ்ப்படிவதற்குள் அந்த வினாடி போய்விடும்.

வெளிச்சமான வானம் பின்னால் இருந்தால் கம்பி இன்னும் தூரத்திலேயே கறுப்புக் கோடாகத் தெரியும். சாலையில் நின்று அண்ணாந்து பார்க்கும் நமக்கு அது எப்போதும் தெரிவது அதனால்தான். விமானி பார்ப்பது மேலிருந்து கீழே. அவருக்குக் கம்பியின் பின்னால் இருப்பது உழுத வயல், காய்ந்த புல், மரக்கிளைகள். வருடக்கணக்கில் வெயிலில் மங்கிய சாம்பல் நிற அலுமினியம் அதற்குள் கரைந்துவிடும். சூரியன் எதிரே இருந்தால் சொல்லவே வேண்டாம்.

அப்படியானால் எல்லா ஓடுதளத்திலும் இதே ஆபத்துதானே? தெரியாத இடம் என்றால் என்ன வித்தியாசம்?

கண் ஏமாறுவது எங்கும் ஒன்றுதான். தெரிந்த இடத்தில் கண் விட்டதை நினைவு நிரப்பும்: ‘தெற்கிலிருந்து வந்தால் வேலியோரம் லைன் போகும்.’ புது இடத்தில் அந்த நினைவு கிடையாது. அதோடு, சிறு ஓடுதளங்கள் விமானியைத் தானாகவே கீழே இழுக்கின்றன. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒருவர் அகலமான, நீண்ட ஓடுபாதையில் பழகியிருப்பார். அந்த வடிவம் மனதில் பதிந்திருக்கும். ஒடுங்கலான ஓடுதளத்தை முதல் தடவை பார்க்கும்போது ‘இன்னும் உயரத்தில் இருக்கிறோம்’ என்று தோன்றும். உடனே கீழே வருவார். எதிரே நிலம் மேட்டுப்பாங்காக ஏறிப்போனாலும் இதே மயக்கம். சரியான உயரத்தில்தான் இருப்பார், ஆனால் மனம் ஒப்பாது.

அப்புறம் நீளம். 500, 600 மீட்டர் ஓடுதளம் என்றால் ஒரு மீட்டரைக்கூட வீணாக்க மனம் வராது; ஆரம்ப விளிம்பிலேயே சக்கரத்தை வைக்கத் தோன்றும். இங்கேதான் விபத்து காத்திருக்கிறது. விளிம்பிலிருந்து 230 மீட்டர் தள்ளி 10 மீட்டர் உயரத்தில் ஒரு லைன் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான 3 பாகை சரிவில் வந்து, விளிம்பை 15 மீட்டர் உயரத்தில் கடப்பவர், லைனுக்கு மேலே வரும்போது சுமார் 27 மீட்டரில் இருப்பார். 17 மீட்டர் இடைவெளி, பயமில்லை. அதே சரிவில் விளிம்பையே குறிவைத்து வருபவர் 12 மீட்டரில் இருப்பார். இடைவெளி 2 மீட்டர். விமானியின் கண் ஒரு உயரத்தில் இருக்கிறது, சக்கரம் அதற்கும் கீழே தொங்குகிறது. ஒரு காற்றுக் குழி போதும்.

ஓடுதளத்துக்குப் பக்கத்தில் கம்பி இழுக்கக் கூடாது என்று விதி இல்லையா?

விமான நிலையங்களுக்கு உண்டு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 14-ஆம் இணைப்பு, ஓடுபாதையின் முனையிலிருந்து சாய்வாக மேலே ஏறும் ஒரு கற்பனைத் தளத்தை வரையறுக்கிறது. எதுவும் அதைத் துளைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. கண்பார்வையில் மட்டும் இறங்கும் மிகச் சிறிய ஓடுபாதைக்கு, முனையிலிருந்து 30 மீட்டர் தள்ளித் தொடங்கி 20 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் என்ற சாய்வில் அது ஏறும். மேலே சொன்ன 230 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்: 10 மீட்டர் கம்பி அதைவிட அருகே வந்தால் விதியை மீறுகிறது.

சிக்கல் என்னவென்றால், சிறிய விமானங்கள் இறங்கும் இடங்களில் பெரும்பகுதி இந்த வேலிக்கு வெளியே இருக்கின்றன. அமெரிக்காவில் உயரமான கட்டுமானங்களைப் பற்றி முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்லும் விதி பொதுப் பயன்பாட்டு விமான நிலையங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது; பண்ணைக்குள் இருக்கும் தனியார் ஓடுதளத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பிரிட்டனில் விவசாயிகளின் நிலத்திலேயே புல் ஓடுதளங்கள் உண்டு, உரிமம் இல்லாமலே இயங்குபவை. அங்கே கம்பி எங்கே போகிறது என்பது உரிமையாளருக்கும் மின் நிறுவனத்துக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

ஒரு போர்வெல் மோட்டாருக்கு இணைப்பு கேட்டால் இரண்டு நாளில் நாலு கம்பம் நட்டுவிடலாம். போன மாதம் இறங்கிய இடம் இந்த மாதம் அதே இடமாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

கம்பியில் ஆரஞ்சு நிறப் பந்துகளைப் பார்த்திருக்கிறேன். எல்லா இடத்திலும் அவற்றை மாட்டினால் என்ன?

மாட்ட வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன், குறைந்தது இறங்கும் பாதையைக் குறுக்கே வெட்டும் கம்பிகளில். சர்வதேசப் பரிந்துரைப்படி அந்தப் பந்து 60 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறையக் கூடாது. அந்த அளவுப் பந்துகளுக்கு இடையே 30 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. பெரிய பந்து என்றால் இடைவெளி கொஞ்சம் கூடலாம். வெள்ளையும் ஆரஞ்சும், அல்லது வெள்ளையும் சிவப்புமாக மாறி மாறி வரும். ஆனால் பந்துக்கும் எடை உண்டு, காற்று அதைத் தள்ளும். சின்னக் கம்பங்களில் ஓடும் மெல்லிய லைன் எல்லாப் பந்தையும் தாங்காது. அதனால் பெரும்பாலும் ஆற்றைக் கடக்கும், பள்ளத்தாக்கைத் தாண்டும் பெரிய லைன்களில்தான் பார்க்கிறோம்.

இதைவிட நல்ல வழி, ஓடுபாதையின் முனைக்கு எதிரே வரும் சில நூறு மீட்டரை மட்டும் கேபிளாகப் பூமிக்குள் இறக்கிவிடுவது. செலவுதான். ஒரு விமானத்தின் விலையோடு ஒப்பிட்டால் பெரிய செலவில்லை.

வரைபடத்திலும் ஜி.பி.எஸ். கருவியிலும் கம்பிகள் இருக்காதா?

பெரிய டவர் லைன்கள் இருக்கும். தெருவுக்கும் பண்ணைக்கும் போகும் கம்பங்கள் இருக்காது. சாதாரணமாக விமான வரைபடங்களில் உயரமான தடைகளைத்தான் குறிப்பார்கள். 9 மீட்டர் கம்பம் யாருடைய பட்டியலிலும் ஏறாது. இறங்கும் விமானத்தைக் கொல்வது அந்த 9 மீட்டர் கம்பம்தான்.

செயற்கைக்கோள் படத்தில் ஒரு உபாயம் இருக்கிறது. கம்பி தெரியாது, ஆனால் கம்பத்தின் நிழல் தெரியும். வயலில் ஒரே தூரத்தில் மெல்லிய கோடுகளாக வரிசையாகக் கிடக்கும். மரங்கள் அடர்ந்த இடமாக இருந்தால் நடுவே வகிடு எடுத்தது போல ஒரு நேர்கோட்டு வெட்டு இருக்கும். அதற்கு மேலே லைன் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். படம் எந்த வருடத்தது என்பதையும் பாருங்கள்.

நன்றாகத் தெரிந்த கம்பியில் மோதுவார்களா?

மோதுகிறார்கள். வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானங்கள் கம்பியில் மோதிய விபத்துகளை ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து 2011-இல் அறிக்கை வெளியிட்டது. அதில் 63 விழுக்காடு விமானிகளுக்கு அந்தக் கம்பி அங்கே இருப்பது முன்பே தெரியும். வேலை மும்முரத்தில், ஒரு சுற்று முடித்துத் திரும்பும்போது, மறந்துவிடுகிறார்கள். ஆகவே ‘எனக்குத் தெரியும்’ என்பது ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும் என்ற விஷயமில்லை. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம்.

இருட்டும் மூடுபனியும் சேர்ந்தால் பழக்கம் எதற்கும் உதவாது. 2023 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் ரீவாவில், இரவு மூடுபனியில் பயிற்சி விமானம் ஒன்று கோயில் கோபுர உச்சியிலும் மின்கம்பியிலும் மோதி விழுந்தது. பயிற்சியளித்த விமானி இறந்தார், மாணவர் காயமடைந்தார்.

விமானம் கம்பியில் பட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு ஷாக் அடிக்குமா?

ஒரே ஒரு கம்பியைத் தொட்டால் பொதுவாக இல்லை. கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கையைப் போலத்தான்: மின்சாரம் போய்ச் சேர இன்னொரு முனை வேண்டும். இரண்டு கம்பிகளை ஒரே சமயத்தில் தொட்டாலோ, விமானத்தின் ஒரு பகுதி கம்பியிலும் இன்னொரு பகுதி தரையிலும் பட்டாலோ பெரும் தீப்பொறி எழும். அலுமினியம் உருகும், இறக்கையில் எரிபொருள் இருக்கிறது. நியூசிலாந்தின் கார்ட்டர்டனில் 2012 ஜனவரி 7 அன்று ஒரு வெப்பக்காற்று பலூன் 33 கிலோவோல்ட் லைனில் சிக்கியபோது இப்படித்தான் தீப்பிடித்தது. 11 பேரும் இறந்தார்கள்.

சிறிய விமானங்களில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது மின்சாரம் அல்ல. கம்பி விமானத்தின் வேகத்தை ஒரு நொடியில் பறித்துவிடுகிறது, அல்லது இறக்கையையோ வாலையோ வெட்டிவிடுகிறது. அந்த உயரத்தில் மீண்டும் சமாளிக்க இடமில்லை.

அமெரிக்காவில் ஒரு விமானம் டவரிலேயே தொங்கிக்கொண்டிருந்ததே, அது எப்படி?

2022 நவம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை மாலை. மேரிலாந்து மாநிலத்தின் கேதர்ஸ்பர்க்கில் மூனி எம்20 ரக ஒற்றை இன்ஜின் விமானம், தாழ்ந்த மேகத்திலும் இருட்டிலும் மான்ட்கோமரி கவுன்டி விமானத் தளத்தில் இறங்க வந்தது. கருவிகளின் துணையோடு இறங்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் ‘இதற்குக் கீழே போகாதே’ என்று ஓர் உயரம் உண்டு. விமானி அதற்குக் கீழே வந்துவிட்டார். ஓடுபாதைக்கு சுமார் 2 கிலோமீட்டர் முன்னால் உயர் அழுத்த டவரில் விமானம் மூக்கோடு போய்ச் செருகிக்கொண்டது. தரையிலிருந்து ஏறத்தாழ 100 அடி உயரம்.

உள்ளே இரண்டு பேர். இருவரும் உயிரோடு, பேசும் நிலையில் இருந்தார்கள். விமானியே அவசர எண்ணுக்கு போன் செய்தார். ஆனாலும் அவர்கள் கீழே இறங்கியது நள்ளிரவு தாண்டி, ஏறத்தாழ 7 மணி நேரம் கழித்து. லைனில் மின்சாரத்தை நிறுத்தியதோடு வேலை முடியவில்லை. கம்பிகளை எர்த் செய்த, அதாவது தரையோடு இணைத்த, பிறகுதான் ஆட்கள் அருகே போக முடிந்தது. பிறகு விமானம் நழுவி விழாமல் அதை டவரோடு கட்டினார்கள். அதற்குப் பின்தான் ஒருவர் பின் ஒருவராக இருவரையும் இறக்கினார்கள். இந்த விபத்தால் 85,000-க்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருட்டில் கிடந்தன. மறுநாள் அந்த மாவட்டத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை.

நம் லைன்மேன்கள் இதைக் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார்கள். எல்.சி. (லைனில் வேலை செய்ய அனுமதி) வாங்கி, ஏ.பி. சுவிட்ச்சை (லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கி, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டாமல் கம்பத்தில் ஏறக் கூடாது என்பது அவர்களுக்கு முதல் பாடம்.

கம்பியை வெட்டும் கத்தி பொருத்திய விமானங்கள் உண்டாமே?

உண்டு. ஹெலிகாப்டர்களுக்கு 1970-களின் பிற்பகுதியில் கனடாவில் உருவானது. முகப்பின் மேலும் கீழும் கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும். மருந்து தெளிக்கும் விமானங்களிலும் பார்க்கலாம்: முன்கண்ணாடியின் நடுச் சட்டத்திலும் சக்கரக் கால்களின் முன்விளிம்பிலும் கூர்மையான பட்டை, விமானியின் தலைக்கு மேலிருந்து வாலின் உச்சி வரை இழுத்துக் கட்டிய ஒரு எஃகுக் கம்பி. மோதும் கம்பி அதன்மேல் வழுக்கி வாலைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. பயிற்சிக்கும் பயணத்துக்கும் பயன்படும் சாதாரணச் சிறிய விமானங்களில் இவை எதுவும் கிடையாது.

சரி, புது ஓடுதளத்துக்குப் போகும் விமானி என்னதான் செய்ய வேண்டும்?

என் பயிற்சிக் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு புல் ஓடுதளத்துக்கு முதலில் காரில் போனோம். பயிற்சியாளர் என்னை முனை வரை நடக்கவைத்து, எதிரே கையைக் காட்டி, “கம்பி எங்கே?” என்றார். பார்த்தேன். வெட்டிய சோளக்காடு, ஒரு வேலி, இரண்டு வேப்பமரம். “கம்பி இல்லை சார்” என்றேன். “கம்பியைத் தேடாதே, கம்பத்தைத் தேடு” என்றார். அப்போதுதான் வேப்பமரத்தை ஒட்டி ஒரு சிமெண்ட் கம்பம் கண்ணில் பட்டது. இடது பக்கம் பார்வையை ஓட்டினால் இன்னொன்று. அந்த இரண்டுக்கும் இடையே கம்பி இருந்தே ஆக வேண்டும். இருந்தது. அறுபது தப்படி நடந்த பிறகுதான் என் கண்ணுக்கே தெரிந்தது, அதுவும் ஒரு மைனா வந்து உட்கார்ந்ததால்.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. முதலில் ஓடுதளக்காரருக்கு போன். “தடை ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டால் “ஒன்றும் இல்லைங்க” என்பார், தினமும் பார்க்கும் கம்பியை அவர் தடையாக நினைப்பதில்லை. அதனால் “உங்கள் ஷெட்டுக்குக் கரண்ட் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?” என்று கேட்பேன். அதற்குச் சரியான பதில் வந்துவிடும். எந்தக் கட்டடத்துக்கும், எந்த மோட்டாருக்கும் எங்கிருந்தோ ஒரு லைன் வந்துதான் ஆக வேண்டும்.

பிறகு மேலே போனதும், இறங்குவதற்கு முன் பாதுகாப்பான உயரத்தில் ஒரு சுற்று. இரண்டு முனைகளையும், சாலையோரங்களையும், வீடுகளையும் பார்த்துக் கம்பங்களை எண்ணுவது. கம்பத்தின் மேல் குறுக்குச் சட்டம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரிந்தால், லைன் அதற்குச் செங்குத்தாக ஓடும். டவர் லைன் என்றால் உச்சியில் இன்னும் மெல்லிய எர்த் வயர் இருக்கும். தடித்த கம்பிகளைப் பார்த்து மேலே இழுப்பவர்கள் அதில் போய் மாட்டுவதுண்டு. கடந்தே ஆக வேண்டுமென்றால் கம்பத்துக்கு நேர் மேலே கடக்க வேண்டும். லைனின் உயரமான இடம் அதுதான், கண்ணுக்குத் தெரிவதும் அதுதான்.

இறங்கும் புள்ளியை விளிம்பில் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். அப்படித் தள்ளி வைத்தால் நிற்க நீளம் போதாது என்று கணக்கு சொன்னால், அந்த ஓடுதளம் அந்த விமானத்துக்கானது அல்ல. திரும்பிப் போய்விட வேண்டும். இதில் எனக்குப் பேச்சே கிடையாது.

கடைசி நொடியில் கம்பி தெரிந்தால்?

முழு சக்தியும் கொடுத்து மேலே போக வேண்டும், ஆனால் கைப்பிடியை வெடுக்கென்று இழுத்து வேகத்தை இழக்கக் கூடாது. வேகம் போனால் விமானம் தொய்ந்து கம்பிக்குள்ளேயே விழும். உரசிய பிறகும் பறக்கிறது என்றால் ஊருக்குத் திரும்பும் ஆசையை விட்டுவிட்டு, பக்கத்தில் பத்திரமாக இறங்க முடிந்த இடத்தில் இறங்க வேண்டும். எது பிய்ந்திருக்கிறது என்று மேலே இருந்து தெரியாது.

புறப்படும்போதும் இந்த ஆபத்து உண்டா?

உண்டு. வெயில் காலத்தில் காற்று லேசாகி விமானம் மெதுவாகவே ஏறும். இறங்க முடிந்த ஓடுதளத்திலிருந்து கிளம்ப முடியாமல் போவதும் நடக்கும். காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது.

எங்கள் வயலில் இப்படி ஒரு விமானம் விழுந்தால் நாங்கள் என்ன செய்வது?

ஓடிப்போய்த் தூக்க வேண்டும் என்றுதான் மனம் சொல்லும். தயவுசெய்து ஓடாதீர்கள். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது. சில லைன்களில் துணைமின் நிலையத்துச் சாதனம் சில நொடிகளில் தானாகவே மீண்டும் மின்சாரத்தை விடும். செத்த கம்பி உயிர் பெறும். ஈர மண்ணில் சுற்றியுள்ள தரையிலும் மின்சாரம் பரவியிருக்கலாம். குறைந்தது பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நின்று, 112-க்கும் மின்வாரியத்துக்கும் சொல்லுங்கள். மற்றவர்களையும் தடுத்து நிறுத்துங்கள்.

உள்ளே இருப்பவர்களிடம் “வெளியே வராதீர்கள், அப்படியே இருங்கள்” என்று சத்தம் போட்டுச் சொல்லுங்கள். தீ பிடித்துவிட்டால் மட்டும் அவர்கள் வெளியேற வேண்டும். அப்போதும் ஒரு கால் தரையிலும் ஒரு கை விமானத்திலும் இருக்கக் கூடாது. இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக் குதித்து, சேர்த்த கால்களோடே குட்டிக் குட்டித் தாவலாகத் தள்ளிப் போக வேண்டும். நீண்ட அடி எடுத்து வைத்தால் இரண்டு பாதங்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு வந்து உடம்பு வழியாகப் பாயும்.

நான் விமானி இல்லை, நண்பரின் விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவன். என்னால் ஏதாவது ஆகுமா?

ஆகும். விமானிக்கு அந்த நேரத்தில் வேகம், காற்று, ஓடுபாதை என்று நூறு வேலை. உங்களுக்கு இரண்டு கண்கள் சும்மா இருக்கின்றன. கிளம்பும் முன்பே, “நான் கம்பம் பார்க்கட்டுமா?” என்று கேளுங்கள், நல்ல விமானி சந்தோஷப்படுவார். இறங்கும்போது கதை பேசாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். கம்பம் கண்ணில் பட்டால் விரலை நீட்டி, “வலது பக்கம் கம்பம்” என்று உரக்கச் சொல்லுங்கள். அவர் ஏற்கெனவே பார்த்திருந்தால் “பார்த்தேன்” என்பார். பதில் வரவில்லை என்றால் இன்னொரு தடவை சொல்லுங்கள்.